அட்வான்ஸில் நாற்பத்தொரு ரூபாய்

வாங்கின கடனைத் திருப்பிக் கொடுத்தால், கொடுத்தவருக்குக் கோபம் வருமா? பத்து வயதில் எனக்கு இந்தச் சந்தேகம் வந்தது. கோபப்பட்டவர் என் அப்பா. அதனால் அதைப் பக்கத்தில் இருந்தே பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

சங்கரன்கோவிலில் அப்பாவுக்கு எட்டு பவர்லூம் தறிகள் இருந்தன. வீட்டுக்குப் பின்னாலேயே தகரம் போட்ட செட். கரண்ட் இருக்கும்போதெல்லாம் வீடே அதிரும், நாங்கள் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். கரண்ட் போனால் திடீரென்று எல்லோரும் நாகரிகமானவர்களாகிவிடுவோம். எட்டுத் தறி வைத்திருந்தால் ஊரில் முதலாளி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பேருக்குத் தகுந்த வசதி வீட்டில் ஒன்றும் கிடையாது, நூல் கடையில் எப்போதும் பாக்கி இருக்கும். ஆனாலும் முதலாளி மகள் என்ற மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது.

நான் ஐந்தாம் வகுப்புக்குப் போன வருஷம் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்தார். வந்த வேகத்தில் சிறுசேமிப்பு ஆரம்பித்தார். திங்கட்கிழமை காலையில் பேர் கூப்பிட்டதும் ஒவ்வொருத்தியாக மேசைக்குப் போய்க் கையில் இருக்கும் காசைக் கொடுக்க வேண்டும். ஐந்து பைசாவையும் வாங்கிக்கொள்வார், ஒரு ரூபாயையும் வாங்கிக்கொள்வார், இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் சிரிப்பார். எல்லாவற்றையும் தபாலாபீசில் கட்டிவிட்டு, வருஷக் கடைசியில் மொத்தமாகத் தருவதாக ஏற்பாடு.

பணத்தைப் பற்றிப் பேச அந்த டீச்சருக்கு அலுக்கவே அலுக்காது. எங்கள் வீடுகளில் பிள்ளைகள் முன்னால் பணப்பேச்சு எடுத்தாலே, "போயி வெளயாடு" என்று விரட்டுவார்கள். இவரோ கரும்பலகை நிறையத் தனிவட்டிக் கணக்குப் போட்டுவிட்டு, சாக்பீஸ் கையோடு திரும்பி நின்று எங்களிடம் நியாயம் கேட்பார். "கடன் வாங்குறது தப்பில்ல. ஆனா மொத்தமாச் சேரட்டும்னு காத்துக்கிட்டு இருக்கக் கூடாது. பத்து ரூபா கிடைச்சாலும் அந்தப் பத்தைக் கொண்டுபோய்க் கட்டணும். கட்டக் கட்டக் குறையும். கொடுத்தவங்களுக்கும் சந்தோசம், வாங்கினவங்களுக்கும் நிம்மதி." நாங்கள் அதைக் கோரஸாகத் திருப்பிச் சொல்வோம். எங்களுக்கு அது வாய்ப்பாடு மாதிரி ஆகிவிட்டது.

ஒரு நாள், அவரவர் காசு எங்கிருந்து வந்தது என்று வரிசையாகக் கேட்டார். என் முறை வந்ததும், "அப்பா சட்டைப் பையில இருந்து டீச்சர்" என்றேன். வகுப்பே சிரித்தது. உண்மையைச் சொன்னதற்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அடுத்து என் பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள். "தார் சுத்துனேன் டீச்சர்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அதுவும் எனக்குப் புரியவில்லை.

அவள்தான் என் சேக்காளி. ஒரே பெஞ்சு, ஒரே தெரு, ஒரே செட். செட் என்னவோ எங்களுடையது. அவள் அப்பா அதில் இரண்டு தறி ஓட்டினார். அவள் அம்மா அங்கேயே தார் சுற்றினாள். தறியில் குறுக்கே ஓடுகிற நூலைச் சின்னக் குச்சிகளில் சுற்றி வைக்க வேண்டும், அதற்குத்தான் தார் என்று பேர். அது ஓடிக்கொண்டே இருந்தால்தான் தறி ஓடும். பள்ளிக்கூடம் விட்டதும் அவளும் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சுற்றுவாள். சனிக்கிழமை கூலியில் அவளுக்கென்று கொஞ்சம் சில்லறை வரும். அதில் மிட்டாய்க்குப் போனது போக மிச்சம் டீச்சரிடம் போகும். ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் உப்பும் மிளகும் பொட்டலம் கட்டிக் கோவில் வாசலில் விற்றாள். சாமிக்குப் போடுவதற்கு வெளியூர்க்காரர்கள் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். நான் அப்போது கையில் ஐஸ் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஒரு பொட்டலம்கூடக் கட்டிக் கொடுக்கவில்லை. அதற்காக அவளும் என்னை ஒன்றும் சொல்லவில்லை.

எதற்காக இப்படி மாய்ந்து மாய்ந்து சேர்க்கிறாய் என்று ஒரு நாள் கேட்டேன். நான் வளையலோ பாவாடையோ என்று நினைத்திருந்தேன்.

"ஏட்டி, ஒண்ணு கவனிச்சியா? ஒங்க செட்டுல அட்வான்ஸ் வாங்குன வீட்டுப் பொம்பளப் பிள்ளைக ஒண்ணுகூட ஆறாப்பு போகல" என்றாள்.

நான் மனசுக்குள் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். ஐந்தாம் வகுப்பு முடிந்த கையோடு ஒவ்வொருத்தியும் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் தார் சுற்ற வந்து உட்கார்ந்திருந்தாள். தினமும் பார்க்கிற முகங்கள். முந்தின வருஷம் வரை என்னோடு கல்லாங்காய் ஆடினவர்கள். என் வீட்டுக் கொல்லையில் நடப்பது என் கண்ணில் படவே இல்லை, இவள் கண்ணில் பட்டிருக்கிறது. அந்த ஆச்சரியம் எனக்குப் பல நாள் தீரவில்லை.

அன்றைக்கே அப்பாவிடம் போய் அட்வான்ஸ் என்றால் என்ன என்று கேட்டேன். வேலைக்குச் சேரும்போது ஒரு தொகை கொடுப்போம், பிறகு கல்யாணம் காட்சி, நோவு நொடி என்றால் மேலே கொஞ்சம் கொடுப்போம், கூலி தனி என்றார்.

"வட்டி எவ்வளவு?"

"வட்டி கெடையாது."

"வட்டி இல்லாம உங்களுக்கு என்னப்பா லாபம்?"

அப்பா சிரித்தார். "ஆளு நிக்கான்லா, அதான் லாபம்" என்றார்.

டீச்சர் போட்ட எந்தக் கணக்கிலும் இப்படி ஒரு லாபம் இல்லை. அதனால் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

என் சேக்காளி வீட்டு அட்வான்ஸ் எண்ணூறு ரூபாய். வருஷக் கடைசியில் டீச்சர் அவள் கையில் கொடுத்தது நாற்பத்தொரு ரூபாய். எனக்கு ஐம்பத்தெட்டு. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். இப்படியே கட்டினால் அடைத்து முடிக்க ஏறக்குறைய இருபது வருஷம் ஆகும்.

"அப்ப எனக்கு முப்பது வயசு ஆயிரும்ட்டி. முப்பது வயசுல ஆறாப்புல சேத்துக்கிடுவாங்களா?" என்றாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்துவிட்டு அவள் சொன்னாள்: "கட்ட ஆரம்பிச்சாலே கொடுத்தவங்களுக்குச் சந்தோசம்னு டீச்சர் சொன்னாங்கல்லா. ஒங்கப்பா சந்தோசப்பட்டா என்னைய விட்டுருவாரு. நான் ஒன்கூட ஆறாப்பு வந்துருவேன்."

எனக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. அவள் இல்லாமல் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போக எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அவள் அப்பாவும் அம்மாவும் சொந்தத்தில் ஒரு சாவு, துட்டிக்கு என்று ஒரு கிராமத்துப் பக்கம் போயிருந்தார்கள். கூலி வாங்க அவள்தான் வந்தாள். கூலியை வாங்கி முடிந்துகொண்டு, இன்னொரு முடிச்சை அவிழ்த்து அப்பாவின் மேசையில் வைத்தாள். நோட்டுகளும் சில்லறையும் கலந்து கிடந்தன.

"என்னது இது?" என்றார் அப்பா.

"நாற்பத்தொரு ரூவா மொதலாளி. அட்வான்ஸ்ல கழிச்சிக்கிடுங்க."

"யாரு குடுத்துவிட்டா?"

"நாங்கதான் மொதலாளி" என்றாள். வீட்டுக் கடன் என்பதால் வீட்டையே சேர்த்துச் சொல்லிவிட்டாள்.

நான் பக்கத்திலேயே நின்று அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் சொன்ன சந்தோசம் எப்படி வரும் என்று பார்க்க எனக்கு ஆசை. வரவில்லை. முகம் முதலில் வெளுத்தது, பிறகு கறுத்தது. "வச்சிட்டுப் போ" என்றார். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. என்ன என்று அம்மா கேட்டாள்.

"ரெண்டு தறிக்காரன் போறான். புளியங்குடி ரோட்டுல புதுசா செட்டு போடுதாங்கள்லா, அங்கதான்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? அட்வான்ஸைத் திருப்ப ஆரம்பிச்சிட்டான். மூஞ்சிக்கு நேரா சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு பிள்ளைகிட்ட கொடுத்து விட்டுருக்கான். துட்டி வீடுன்னதும் பொய்யாத்தான் இருக்கும்."

என்னால் பொறுக்க முடியவில்லை. "கடனைத் திருப்பிக் கொடுத்தா சந்தோசம்தானப்பா படணும்?" என்று கேட்டேன்.

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட அலுப்புதான் அதிகம் இருந்தது. ஆனால் பதில் சொன்னார். தறித்தொழிலில் யாரும் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுப்பது கிடையாது. கொடுக்க வேண்டும் என்று நாங்கள் கேட்பதும் கிடையாது. ஒரு ஆள் வேறு செட்டுக்குப் போவதாக இருந்தால், புது முதலாளி பழைய முதலாளிக்கு அந்தத் தொகையைக் கட்டிவிட்டு ஆளைக் கூட்டிப்போவார். பணம் திரும்பி வந்தால் ஆள் போகிறான் என்று அர்த்தம். அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. அம்மாவும் தன் பங்குக்கு ஒன்று சொன்னாள். பெண் பார்க்கப் போகும்போதுகூட, மாப்பிள்ளைக்கு எவ்வளவு அட்வான்ஸ் என்றுதான் கேட்பார்களாம். பெரிய தொகை என்றால் நல்ல வேலைக்காரன், முதலாளி விடமாட்டேன் என்கிறார் என்று பேராம்.

எனக்குத் தலை சுற்றியது. பள்ளிக்கூடத்தில் கடன் குறைந்தால் கெட்டிக்காரன். எங்கள் வீட்டுக் கொல்லையில் கடன் கூடினால் கெட்டிக்காரன். நடுவில் இருந்தது நான்தான்.

"அப்ப நம்ம நூல் கடைப் பாக்கியை நீங்க முழுசா அடைச்சிட்டா?" என்று கேட்டேன்.

"அடைச்சா, இவன் வேற கடைக்குப் போகப் போறான்னு நினைச்சி மறுநாளே நூலை நிறுத்திருவான்" என்றார் அப்பா. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரித்தது அவருக்குப் பிடிக்கவில்லை. "திங்கக்கெழம அந்த ரெண்டு தறியிலயும் வேற ஆளைப் போட்டுருதேன். மிச்சப் பணத்தையும் மொத்தமா வச்சிட்டுப் போகட்டும்" என்று கையைக் கழுவிவிட்டார்.

மிச்சப் பணத்துக்கு அவர்கள் எங்கே போவார்கள்? அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் சொன்னது, வேப்பமரத்தடியில் கணக்குப் போட்டது, ஆறாம் வகுப்பு, எல்லாம். அப்பா நம்பவில்லை.

"ஒரு சின்னப்பிள்ளை நாற்பத்தொரு ரூவா சேத்துருமா?"

"நான் அம்பத்தெட்டு சேத்தேன்லா?"

"நீ எங்கிட்ட வாங்கிச் சேத்த."

"அவ தார் சுத்திச் சேத்தா. ஆடித்தபசுக்கு உப்பு மிளகு வித்தா. நான் பாத்தேன்" என்றேன்.

"பிள்ளை பொய் சொல்லமாட்டா" என்றாள் அம்மா. "நீ சும்மா இரு" என்றார் அப்பா. தகவல் எப்படித்தான் போனதோ, சாயங்காலத்துக்குள் செட் முழுக்கத் தெரிந்துவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தறி ஓடாது. காலையில் வாசலில் என் சேக்காளியும் அவள் அப்பா அம்மாவும் நின்றார்கள். பெரியவர்கள் இரண்டு பேரும் பஸ்ஸை விட்டு இறங்கின இடத்திலேயே யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அவள் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கையைக் கூப்பினார்.

"மொதலாளி, எனக்கு ஒண்ணும் தெரியாது மொதலாளி. பிள்ளை புத்தியில்லாம செஞ்சிருச்சி. அந்த நாற்பத்தொரு ரூவாயைத் திருப்பித் தந்துருங்க. எனக்கு எண்ணூறும் அப்படியே இருக்கட்டும். கழிச்சிராதீங்க."

ஒரு மனுஷன் தன் கடனைக் குறைக்க வேண்டாம் என்று கும்பிட்டதை நான் என் ஆயுளில் அந்த ஒரு தடவைதான் பார்த்தேன். என் சேக்காளி தன் அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, தன் அப்பாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் மேல் கோபம் வந்தது, அப்பா மேல் கோபம் வந்தது, யார் மேல் படவேண்டும் என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பாவுக்கு உயிர் திரும்பி வந்தது போல இருந்திருக்கும். இரண்டு தறிக்கும் அதே கை நிற்கிறது. ஆனால் அவர் வியாபாரி. இவ்வளவும் அட்வான்ஸை ஏற்றிக் கேட்பதற்கான ஏற்பாடுதான் என்று இப்போது அவருக்குத் தோன்றிவிட்டது.

"ஏத்தித் தரணும்னா நேரா வந்து கேளும்வே. பிள்ளையை எதுக்கு அனுப்புதீரு?" என்றவர், உள்ளே போய் இரண்டு நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்துவந்து நீட்டினார். "இந்தாரும். ஆயிரமா இருக்கட்டும்."

செட்டில் யாருக்கும் ஆயிரம் கிடையாது. அவள் அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அதுவரை கும்பிட்டுக்கொண்டிருந்த கைகள் அப்படியே பிரிந்து நோட்டுகளை நோக்கிப் பாதி தூரம் போயின.

"வேண்டாம் மொதலாளி."

சொன்னது அவள் அம்மா. சனிக்கிழமைதோறும் கூலியை வாங்கிக்கொண்டு தலையை ஆட்டிவிட்டுப் போகிறவள். அவள் குரல் எப்படி இருக்கும் என்றே எனக்கு அதுவரை தெரியாது.

"அதை வாங்குனா இவ நாளைக்கே படிப்பை நிறுத்திட்டு தார் சுத்த வரணும். வேண்டாம். இவ ஆறாப்பு போகட்டும். வேற ஒண்ணும் நாங்க கேக்கல."

அவள் புருஷன் திரும்பி அவளைப் பார்த்தார். நீட்டின கையை என்ன செய்வதென்று தெரியாமல் துண்டில் துடைத்துக்கொண்டார்.

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் என்ன, எந்தப் பிள்ளையையும் படிக்க வேண்டாம்னா சொன்னேன்?"

"நீங்க சொல்லல மொதலாளி. யாரும் சொல்லல. ஆனா ஒரு பிள்ளையும் போகலையே" என்றாள்.

அப்பா கையிலிருந்த இரண்டு நோட்டுகளையும் மறுபடி எண்ணினார். அது எனக்கு அவமானமாகவும் இருந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அடுக்களை வாசலிலிருந்து அம்மா, "போகட்டும்னு சொல்லுங்களேன்" என்றாள். சாதாரணமாகச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"போகட்டும். நல்லாப் படிக்கட்டும்" என்றார் அப்பா. நோட்டுகளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மேசையில் அப்படியே கிடந்த அந்த முடிச்சை எடுத்து என் சேக்காளியிடம் நீட்டினார். "ஏட்டி, இந்தா. நோட்டு புஸ்தகம் வாங்கிக்கோ."

அவள் வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கழிச்சிக்கிடுங்க மொதலாளி."

"சொன்னாக் கேளு. கழிச்சா நீங்க வேற செட்டுக்குப் போறீங்கன்னு அர்த்தம்."

"நாங்க எங்கயும் போகல. இங்கனதான் இருப்போம். ஆனாலும் கழிச்சிக்கிடுங்க."

அப்பா அவள் அப்பாவைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். பிறகு அப்பா அவள் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பென்சிலை எடுத்தார். கெஜக்கணக்கும் நூல் கணக்கும் வாயாலேயே போடுகிறவர், "எண்ணூறுல நாற்பத்தொண்ணு போனா…" என்று இழுத்தார். அந்தக் கணக்கில் அவர் அதுவரை கூட்டித்தான் பழக்கம்.

"எழுநூத்தி அம்பத்தொம்பது" என்றாள் என் சேக்காளி.

அப்பா எழுதினார்.

"ரசீது தாங்க மொதலாளி."

அவள் அப்பா பதறிப்போய் அவள் தோளைப் பிடித்தார். அவள் நகரவில்லை. எங்கள் வீட்டில் ரசீதுப் புத்தகம் கிடையாது. அட்வான்ஸ் திரும்பி வரும் என்று நினைத்து யாரும் அச்சடித்து வைப்பதில்லை. நூல் பண்டல் சுற்றி வந்த தாளில் ஒரு துண்டைக் கிழித்து, தொகையை எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டு அப்பா அவளிடம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு, அந்த இடத்திலேயே நின்று, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்துப் பார்த்துவிட்டு, "சரி" என்றாள்.